கேம்பர் வேனுக்கு டயர்: முதலில் எடை மேடைக்குப் போங்கள்

ஜெர்மனியில் கோடை விடுமுறை தொடங்கியதும் ஆட்டோபான் என்கிற நெடுஞ்சாலையில் வெள்ளையும் சாம்பலுமாக, படுக்கையும் சமையல் மேடையும் வைத்துக் கட்டிய கேம்பர் வேன்கள் வரிசை கட்டும். கூரையில் சோலார் தகடு, பின்கதவில் சைக்கிள், கீழே முரட்டுப் பட்டன் (தரையைக் கவ்வும் ரப்பர் கட்டிகள்) வைத்த கறுகறு டயர். சகாராவைத் தாண்டி நேராக இங்கேதான் வருகிறார்கள் என்று தோன்றும். கொஞ்சம் குனிந்து பார்த்தால் பட்டன் இடுக்கில் இருப்பது ஏதோ ஏரிக்கரை முகாமின் புல்தான்.

கிண்டலுக்காகச் சொல்லவில்லை. எங்கள் வேனிலும் இப்போது அதே மாதிரி டயர்தான் ஓடுகிறது. ஆனால் அதை வாங்கிய வழி வேறு. படம் பார்த்து டயர் வாங்குகிறவர்களுக்கும் எடை பார்த்து வாங்குகிறவர்களுக்கும் வித்தியாசம் உண்டு. எங்கள் பெரியப்பா சங்ககிரியில் ஆயுசு முழுக்க லாரி ஓட்டியவர், பிறகு லாரி வைத்திருந்தவர். டயர் என்று நான் வாயெடுத்ததுமே போனில் அவர் கேட்ட முதல் கேள்வி, “வண்டி எத்தன டன்னு, அம்மிணி?” என்பதுதான். எந்தக் கம்பெனி, என்ன விலை என்றெல்லாம் அதற்கப்புறம்தான்.

எங்கள் வேன் ஃபியட் டுகாட்டோ. ஐரோப்பாவில் ஓடும் கேம்பர்களில் பெரும்பங்கு இந்த வண்டியின் மேல்தான் கட்டப்படுகிறது. பெஜோ பாக்ஸர், சித்ரோன் ஜம்ப்பர் என்று வேறு பெயர்களில் வருவதும் கிட்டத்தட்ட இதே வண்டிதான். முன்சக்கரம் இழுக்கிற வண்டி. இதில் இரண்டு வகை சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், உண்டு. லேசானதில் 15 அங்குல ரிம், ‘மாக்சி’ எனப்படும் கனமானதில் 16 அங்குல ரிம். போல்ட் துளைகளின் இடைவெளியும் வேறு வேறு என்பதால் ஒன்றின் ரிம் மற்றதில் ஏறாது. பழைய வேன் வாங்கப் போகிறவர்கள் இதை முதலிலேயே பார்த்துக்கொள்வது நல்லது. முரட்டு டயர் தேவையென்றால் 16 அங்குலத்தில்தான் தேர்ந்தெடுக்க நிறைய இருக்கிறது. 15 அங்குல வேன்காரர்களுக்கு வாய்ப்பு குறைவு. எங்களுடையது மாக்சி.

பெரியப்பாவின் கேள்விக்கு வண்டியின் பதிவுப் பத்திரத்தைப் பார்த்து 3,500 கிலோ என்று சொன்னேன். “அது பத்திரத்துல இருக்கறது. நீ ஏத்துனது எவ்வளவு?” என்றார். இங்கே சாதாரண கார் உரிமத்தோடு ஓட்டக்கூடிய உச்ச எடை அந்த 3,500. அதனால் கேம்பர் கட்டுகிற எல்லாரும் அந்தக் கோட்டுக்குள் எழுதித் தருகிறார்கள். அதற்குமேல் நாம் ஏற்றும் தண்ணீர், கேஸ், சைக்கிள், அரிசி மூட்டை, பிள்ளைகள் எல்லாம் நம் பாடு. தண்ணீர்த் தொட்டி 100 லிட்டர் என்றால் 100 கிலோ. அதில் சமாதானம் பேச இடமில்லை.

எடை பார்க்க இங்கே பெரிய வசதிகள் தேவையில்லை. கல் குவாரியிலும் பழைய இரும்பு வாங்கும் இடத்திலும் எடை மேடை இருக்கும்; சில யூரோ கொடுத்தால் ஏற விடுவார்கள். விடுமுறைக்குக் கிளம்புகிற அன்று எப்படி இருக்குமோ அப்படியே எல்லாம் ஏற்றி, ஆட்களையும் உட்கார வைத்து நிறுத்த வேண்டும். முழு வண்டி, பிறகு முன் அச்சு மட்டும், பின் அச்சு மட்டும். அங்கே கூட்டம் இல்லாவிட்டால் கெஞ்சிக் கேட்டு ஒரு பக்கச் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தியும் பார்க்கலாம். இந்தக் கடைசி வேலையைப் பெரும்பாலோர் செய்வதில்லை. செய்தால் தூக்கிவாரிப் போடும்.

எங்களுக்கு வந்த கணக்கு இது: மொத்தம் 3,440. முன் அச்சில் 1,480, பின் அச்சில் 1,960. பின் அச்சின் இடது சக்கரத்தில் 1,030, வலது சக்கரத்தில் 930. சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி, ஃபிரிட்ஜ் எல்லாம் இடப்பக்கம் வைத்துக் கட்டிய வண்டி என்பதால் ஒரே அச்சில் 100 கிலோ வித்தியாசம். டயர் கடைக்காரர் பின் அச்சை இரண்டால் வகுத்து 980 என்பார். அந்த இடது டயருக்கு வகுத்தல் தெரியாது, அதன்மேல் இருப்பது 1,030.

இனி டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் சாதகத்தைப் படிக்கலாம். நாங்கள் கடைசியில் எடுத்த டயரில் இப்படி இருக்கிறது: எல்.டி.225/75ஆர்16, 115/112எஸ். ‘எல்.டி.’ என்றால் லைட் டிரக், சிறு லாரி வகை. அகலம் 225 மில்லிமீட்டர். அகலத்தில் 75 சதவீதம் பக்கச்சுவரின் உயரம். ‘ஆர்’ என்றால் ரேடியல். 16 அங்குல ரிம். எல்லாரும் இதுவரைக்கும் படித்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். உயிர் இருப்பது அதற்கடுத்த எண்ணில். 115 என்பது சுமைக் குறியீடு, கிலோ அல்ல. அட்டவணையில் பார்த்தால் 115-க்கு 1,215 கிலோ. 109 என்றால் 1,030. 112 என்றால் 1,120. 118 என்றால் 1,320. சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் 112, பின் அச்சில் இரட்டைச் சக்கரம் போடுகிற வண்டிகளுக்கு. ஜோடி டயர் இரண்டும் எப்போதும் சரிசமமாகச் சுமக்காது என்பதால் அந்த எண் குறைவு. லாரிக்காரர் வீட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடைசி ‘எஸ்’ வேகத்துக்கு: மணிக்கு 180 கிலோமீட்டர். நம் வேனுக்கு அது தேவைக்கு மேல்.

இப்போது 109 என்ற எண்ணை மறுபடி பாருங்கள். லேசான சேஸிஸில் வரும் 215/70ஆர்15 வேன் டயரின் வழக்கமான குறியீடு அது. 1,030 கிலோ. எங்கள் இடது பின்சக்கரத்தில் இருக்கிற எடை அச்சு அசலாக அதுவே. அப்படிப்பட்ட வேனில் இதே சாமான்களை ஏற்றி, நான்கு விரல் கனத்துக்குப் பட்டன் வைத்த டயரே போட்டாலும், ஒரு கிலோகூட மிச்சமில்லாமல்தான் ஓட்ட வேண்டியிருக்கும்.

மாக்சியின் பின் அச்சுக்கு அனுமதி 2,400 கிலோ. இரண்டால் வகுத்தால் 1,200. 115 குறியீடு 1,215 தாங்குகிறது, ஆக மயிரிழையில் தேறுகிறது. ஆனால் எங்கள் பத்திரத்தில் அதே அளவுக்கு 116 என்று எழுதியிருந்தது. ஒரே ஒரு எண் குறைவு. “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது” என்று கடையில் சொல்வார்கள். ஒன்றும் ஆகாதுதான், விபத்து நடந்து இன்சூரன்ஸ்காரர் பத்திரத்தைக் கையில் எடுக்கிறவரை. வாகனப் பரிசோதனை நிலையத்தில் அச்சு எடைக் கணக்கைக் காட்டி, பொருந்தும் என்று எழுத்தில் வாங்கிய பிறகே ஆர்டர் கொடுத்தோம். ஜெர்மனியில் இந்தக் காகித வேலையைச் சலிப்போடு எல்லாரும் திட்டுவார்கள். எனக்கென்னவோ அந்தக் காகிதம் வண்டிக்குள் இருந்தால் தூக்கம் நன்றாக வருகிறது.

‘10 ப்ளை’ பற்றி ஒரு வார்த்தை. முரட்டு டயர் விளம்பரங்களில் இது கட்டாயம் வரும். பருத்தி நூல் அடுக்குகளை வைத்து டயர் கட்டிய காலத்தில் அடுக்கை எண்ணிச் சொன்ன கணக்கு இது. பெரியப்பா 10.00-20 அளவு நைலான் டயரைப் பற்றிப் பேசும்போது “பதினாறு ப்ளை” என்பார். இன்றைய 10 ப்ளை ரேடியல் டயரை அறுத்துப் பார்த்தால் உள்ளே பத்து அடுக்கு இருக்காது. பக்கச்சுவரில் இரண்டோ மூன்றோதான் இருக்கும். பழைய பத்தடுக்குக்குச் சமமான பலம் என்று அர்த்தம், அவ்வளவே. அமெரிக்க முறையில் அதற்கு ‘இ’ சுமை வகை என்று பெயர், 80 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வரை காற்று அடிக்கலாம். ‘டி’ என்றால் 8 ப்ளை, 65. ‘சி’ என்றால் 6 ப்ளை, 50.

இந்த மூன்று காற்றளவுகளும் எங்கள் டயருக்கு என்ன எடை தருகின்றன என்று பாருங்கள். 80 பி.எஸ்.ஐ.யில் 1,215 கிலோ. அதே டயர் 65-இல் 1,060 கிலோ. 50-க்கு இறக்கினால் 880 கிலோ. ரப்பரும் கம்பியும் மாறவே இல்லை, காற்று மட்டும் குறைந்தது. “டயரு எங்க கண்ணு சுமக்குது, காத்துதான சுமக்குது” என்று பெரியப்பா சொன்னபோது ஏதோ தத்துவம் பேசுகிறார் என்று நினைத்தேன். அது அட்டவணையிலேயே இருக்கிற விஷயம். தயாரிப்பாளரிடம் கேட்டால் அந்த அளவுக்குரிய எடை-காற்று அட்டவணையைக் கொடுப்பார்கள். இணையத்தில் யாரோ சொன்ன ‘மெத்தென்று ஓடும்’ அளவைவிட அது எவ்வளவோ மேல்.

எங்கள் 1,030 கிலோவுக்கு 65 போதும்; கொஞ்சம் கையிருப்பாகப் பின்னால் 70, அதாவது ஐரோப்பிய அளவில் ஏறக்குறைய 4.8 பார் வைத்துக்கொள்கிறோம். முன்னால் சக்கரத்துக்கு 740 கிலோதான் என்பதால் 50 தாராளம். பழைய கேம்பர் டயரில் பின்னால் 5.5 பார் அடித்து ஓட்டினோம். தட்டு முட்டுச் சாமானெல்லாம் கச்சேரி வைக்கும். அதில் எங்களுக்கு இப்போது நிம்மதி. இந்த அழுத்தத்தில் ஓட்டுகிறவர்கள் வால்வையும் கவனிக்க வேண்டும். கார்களில் வரும் சாதாரண ரப்பர் வால்வு 4.5 பார் வரைக்குத்தான். டயர் மாற்றும்போது உலோக வால்வு போடச் சொல்லிக் கேளுங்கள். செலவு அற்பம்.

கேம்பர்களுக்கென்றே ‘சி.பி.’ என்று குறியிட்ட டயர் ஐரோப்பாவில் கிடைக்கிறது. கான்டினென்டல், மிஷ்லன் போன்றவர்கள் செய்கிறார்கள். மாதக்கணக்கில் முழு எடையோடு ஒரே இடத்தில் நின்று, பிறகு ஒரே மூச்சில் ஆயிரம் கிலோமீட்டர் ஓடுகிற வண்டிக்காக, கூடுதல் காற்றைத் தாங்கும்படி கட்டியது. சாலையை விட்டு இறங்காதவர்களுக்கு என் சிபாரிசு இன்றும் இதுதான். ஸ்பெயின் கடற்கரைக்குப் போய் நிறுத்தி, ஒரு மாதம் கழித்துத் திரும்புகிறவருக்குப் பட்டன் டயர் எதற்கு? ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும் தூரம் கூடும், சத்தம் கூடும், டீசல் கூடும். டயரின் எடையும் கூடும், அதுவும் அந்த 3,500-க்குள்தான் அடங்க வேண்டும்.

அப்படியானால் நாங்கள் ஏன் மாற்றினோம்? இரண்டு காரணம். ஒன்று ஈரப் புல். சிரிக்காதீர்கள். முன்சக்கரம் இழுக்கிற டுகாட்டோவில் எடை அதிகம் பின்னால்தான் இருக்கிறது. பின் அச்சைத் தாண்டித் தொங்கும் சைக்கிள் தாங்கி நெம்புகோல் மாதிரி முன்பக்கத்தை இன்னும் தூக்கிவிடும். மழை பெய்த புல்வெளியில், லேசான ஏற்றத்தில், சாலை டயர் வழுக்கி அதே இடத்தில் குழி தோண்டும். முகாம்காரர் டிராக்டரோடு வந்து இழுப்பது இங்கே எல்லாக் கோடையிலும் நடக்கும் திருவிழா. (டிராக்டர் வருவதற்கு முன் ஒரு யோசனை: ஏற்றத்தில் ரிவர்ஸில் ஏறிப் பாருங்கள். எடை முன்சக்கரத்துக்கு வரும், பாதி நேரம் டிராக்டர் தேவைப்படாது.)

இன்னொன்று ஐஸ்லாந்து. டென்மார்க்கின் ஹிர்ட்ஸ்ஹால்ஸ் துறைமுகத்தில் வண்டியோடு கப்பலேறினால் ஃபாரோ தீவுகள் வழியாக ஐஸ்லாந்தின் கிழக்குக் கரையில் செய்டிஸ்ஃப்யோர்துரில் இறங்கலாம். வாடகை வண்டியில்லை, சொந்த வண்டி. கிழிந்தால் நம் டயர், உடைந்தால் நம் கண்ணாடி. அங்கே மேற்கு ஃபியோர்டுப் பகுதியில் பல சாலைகள் இன்னும் சரளைக்கல்தான். பறவைப் பாறை என்று பெயர்பெற்ற லாட்ராப்யார்க்குக்குப் போகும் 612-ஆம் எண் சாலை அதில் ஒன்று. எரிமலைக் கல் உடைந்த விளிம்பு கத்திபோல இருக்கும். சாலை டயரின் ரப்பரைத் துணுக்கு துணுக்காகக் கொத்தியெடுக்கும். முரட்டு டயரின் பயன் அங்கேதான். கொத்துக்குத் தாங்குகிற ரப்பர் கலவை, தோள்பட்டையில் தடிப்பு, பட்டன்களுக்கு இடையே சிக்கும் கல்லை வெளியே தள்ள அடியில் சிறு முண்டுகள்.

ஆனால் டயர் வண்டியை நான்கு சக்கர இழுவை வண்டி ஆக்கிவிடாது. ஐஸ்லாந்தில் ‘எஃப்’ எழுத்தோடு தொடங்கும் மலைச்சாலைகளுக்கு நான்கு சக்கர இழுவை கட்டாயம். எங்கள் வேனில் எந்த டயர் போட்டாலும் அனுமதி கிடையாது, ஆற்றைக் கடக்கும்போது மூழ்கினால் இன்சூரன்ஸும் கைவிரிக்கும். சாலையை விட்டு விலகி ஓட்டுவது அங்கே சட்டப்படி குற்றம். அந்தப் பாசி ஒருமுறை நசுங்கினால் மீள ஒரு தலைமுறையாகும். ஆக, ‘ஆஃப்ரோடு டயர்’ என்று வாங்கியதை ரோட்டில் மட்டுமே ஓட்டுகிறோம். லாங்யோகுல், ஹோஃப்ஸ்யோகுல் என்ற இரண்டு பனிமலைகளுக்கு நடுவே போகும் க்யோலுர் சாலை எங்களைப் போன்றவர்களுக்குத் தடையில்லை. 35 என்ற எண்ணில் முன்னால் இருந்த ‘எஃப்’ எழுத்தை எப்போதோ எடுத்துவிட்டார்கள். அப்படியும் அதை நாங்கள் தொடவில்லை. அந்தக் குழிகளைத் தாண்ட டயர் போதாது, அடியில் இன்னும் உயரம் வேண்டும்.

உயரம் என்றதும் அடுத்த ஆசை வரும்: பெரிய டயராகவே போட்டுவிட்டால் என்ன? டுகாட்டோ கூட்டத்தில் 245/75ஆர்16 போடுவது இப்போது பெரிய மோகம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் 225/75ஆர்16-இன் விட்டம் 744 மில்லிமீட்டர். 245 போட்டால் 774. வித்தியாசம் 30, அதில் பாதி தரைக்கும் வண்டிக்கும் இடையே, அதாவது 15 மில்லிமீட்டர். ஒன்றரை சென்டிமீட்டருக்காக ரிம் மாற்றி, சக்கர வளைவில் உரசுகிற இடத்தை வெட்டி, மறுபடி பரிசோதனைக்குப் போய்ப் பத்திரம் திருத்த வேண்டும். வேகமானி 4 சதவீதம் குறைத்துக் காட்டும். இங்கே வேகமானி கூட்டிக் காட்டலாம், ஒருபோதும் குறைத்துக் காட்டக் கூடாது என்பது விதி. கியர் விகிதமும் அதே 4 சதவீதம் நீளமாகும்; ஏற்றத்தில் முழு எடையோடு கிளம்பும்போது அந்தச் சுமை கிளட்ச்சின் தலையில் விழும். படத்தில் மட்டும் அழகாக இருக்கும். விட்டுவிட்டோம்.

பட்டன் வகையிலும் ஆசைக்கு அளவில்லை. சேற்று டயர் எனப்படும் எம்.டி. வகையில் இடைவெளி பெரிது, பட்டன்கள் பாளம் பாளமாக இருக்கும். ஆட்டோபானில் ஒரு நாள் ஓட்டினால் காதுக்குள் இரைச்சல் தங்கிவிடும், ஈரத் தாரில் பிடிமானமும் மோசம். குடும்பத்தோடு போகும் வேனுக்கு அதைப் பரிந்துரைக்கிறவரிடம் நான் வேறெந்த யோசனையும் கேட்க மாட்டேன். சாலை டயருக்கும் சேற்று டயருக்கும் இடைப்பட்ட ஏ.டி. வகையே போதும். பி.எஃப். குட்ரிச் கே.ஓ.2, ஜெனரல் கிராபர் ஏ.டி.3 இரண்டையும் வைத்துப் பார்த்து முதலாவதை எடுத்தோம். பெரிய காரணமில்லை, நாங்கள் கேட்ட வாரத்தில் அது கையிருப்பில் இருந்தது.

இரண்டிலுமே மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் வரைந்த முத்திரை உண்டு. இதைத் தேடிப் பாருங்கள். வெறும் ‘எம்+எஸ்’ எழுத்தை யார் வேண்டுமானாலும் குத்திக்கொள்ளலாம், அதற்குச் சோதனை ஏதுமில்லை. பனித்துகள் முத்திரைக்குப் பனியில் ஓட்டிக் காட்டித் தேற வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் ஜெர்மனியில் இந்த முத்திரை இருந்தால் மட்டுமே குளிர்கால டயர். ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை பனிச்சாலையில் பட்டன் ஆழம் குறைந்தது 4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று கூடுதல் நிபந்தனை. ஒரே செட்டில் வருடம் முழுக்க ஓட்டலாம் என்பது எங்களுக்குப் பெரிய ஆதாயம். இன்னொரு நாலு டயரை அடுக்கி வைக்க எங்கள் வீட்டில் இடம் கிடையாது. பனிக்கட்டி உறைந்த சாலையில் இது நல்ல குளிர்கால டயருக்கு ஈடாகாது. அந்த மாதிரி நாட்களில் வண்டியை எடுப்பதில்லை.

வாங்கும்போது தேதியையும் பாருங்கள். பக்கச்சுவரில் ‘டி.ஓ.டி.’ என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். கேம்பர் டயர் தேய்ந்து சாவதில்லை, வெயிலில் நின்று வெடித்துச் சாகிறது. பட்டன் புதிதுபோலவே இருக்கும், பக்கச்சுவரில் பொடிப் பொடியாக விரிசல் ஓடியிருக்கும். ஆறு வருடம் தாண்டிய டயரை நான் முழு எடையோடு நெடுஞ்சாலையில் நம்புவதில்லை. பழைய வேன் விற்கிறவர்கள் ‘டயர் புதுசு மாதிரி’ என்று எழுதினால் அந்த நாலு எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பாதிப்பேர் பதிலே போடுவதில்லை.

சரளையில் ஓட்டுவதற்கு வருவோம். துணி துவைக்கும் கல் போல வரிவரியாக எழும்பியிருக்கும் சாலையில் முழுக் காற்றோடு போனால் வண்டிக்குள் ஒவ்வொரு திருகும் கழன்று வரும். காற்றை இறக்கினால் டயர் தரையைத் தொடும் தடம் நீளமாகும், கல்லை உதைக்காமல் அதன்மேல் மடிந்து போகும், கிழிவதும் குறையும். அதற்காக இஷ்டத்துக்கு இறக்க முடியாது. எங்கள் பின்சக்கரத்துக்கு 65-க்குக் கீழே அட்டவணை துணைக்கு வராது. வேகத்தைக் குறைத்தால் வெப்பமும் குறையும் என்பதால் 55 வரை இறக்கி, மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டாமல் போனோம். அந்த எண் எங்கள் எடைக்கு, எங்கள் துணிச்சலுக்கு உரியது, அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். தார்ச்சாலை வந்ததும் முதல் வேலை கம்ப்ரஸரை எடுப்பது. காற்றுக் குறைந்த டயர் வேகத்தில் ஓடினால் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடாகி உள்ளேயே வெந்துவிடும். வெடிக்கிறவரை வெளியே தெரியாது.

கம்ப்ரஸர் வாங்கும்போது கார் டயருக்கானதை வாங்கினால் 4.8 பாருக்குள் அது தானே மூச்சடைத்து நின்றுவிடும். பேட்டரியோடு நேராகக் கவ்விக்கொள்ளும் வகையே உதவும். காற்றைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அளவு ஏறித்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பதறிக் காற்றை விடக் கூடாது.

கடைசியாக ஸ்டெப்னி. பல கேம்பர்களில் எடையை மிச்சம் பிடிக்க ஸ்டெப்னியை எடுத்துவிட்டு ஒரு பாட்டில் பசையும் சின்னக் கம்ப்ரஸரும் வைத்துக் கொடுக்கிறார்கள். ஆணி குத்தினால் பசை போதும். பக்கச்சுவர் கிழிந்தால் எந்தப் பசையும் அடைக்காது, சரளைச் சாலையில் கிழிவது பெரும்பாலும் பக்கச்சுவர்தான். மேற்கு ஃபியோர்டில் நின்றுகொண்டு 225/75ஆர்16, 115 என்று தேடிப் பாருங்கள், தெரியும். பெரியப்பாவிடம் பசை பாட்டில் கதையைச் சொன்னபோது ரொம்ப நேரம் சிரித்தார். “ஸ்டெப்னி இல்லாம வண்டிய வெளிய எடுப்பாங்களா?” என்று பெரியம்மாவிடம் வேறு கேட்டார்.

ஐந்தாவது டயரை அதே மாதிரி, அதே அளவில் வாங்கி, ரிம்மோடு சேஸிஸின் அடியில் மாட்டினோம். ரிம்மோடு சேர்த்து முப்பது கிலோவுக்கு மேல். அதற்கு ஈடாக இரண்டாவது கேஸ் சிலிண்டர் இறங்கியது, கூடவே என் இரும்புத் தோசைக்கல்லும். மறுபடி எடை மேடைக்குப் போய் 3,455 என்று சீட்டு வாங்கினோம். இடது பின்சக்கரம் இன்னும் 1,030-லேயே நிற்கிறது. அடுத்த குளிர்காலத்தில் தண்ணீர்த் தொட்டியை வலப்பக்கம் மாற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். குழாய்க்குத் துளை போட வீட்டுக்காரர் இன்னும் சம்மதிக்கவில்லை.